சிறையில் இருக்கும் தம்பியோடு தொடர்பை விடாமல் வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி நீளமாக இருந்தது. சாரம் இவ்வளவுதான்: தம்பிக்குப் பல வருடத் தண்டனை, ஜெயில் வெகு தூரம், சித்தப்பாவும் மற்ற சொந்தக்காரர்களும் "போகாதே, குடும்பப் பெயர் கெட்டுப்போகும்" என்கிறார்கள். இனி எப்படித் தொடர்பில் இருப்பது, வயதான அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த நாடு என்று எழுதவில்லை. ஆனால் நீங்கள் அக்காதான் என்று படித்தவுடனே எனக்குப் பட்டது. "சாப்பிட்டானோ என்னவோ" என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, அது அக்காமார் எழுதுகிற வரி. அப்படியே நினைத்துப் பதில் எழுதுகிறேன்.

நான் பர்மாவில், மோன் மாநிலத்தில், தட்டோன் பக்கத்து ஊர்க்காரி. என் தம்பி லாரியில் கிளீனராகப் போனவன். வண்டியில் போதை மாத்திரை பிடிபட்டது. 1993-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கேஸ் போட்டு உள்ளே அனுப்பினார்கள். அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. "மாத்திரை கடத்தினவனுக்கு வக்காலத்தா" என்று கேட்க யாராவது வருவார்கள், தெரியும். தண்டனை கொடுக்க வேண்டியது கோர்ட், கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் அவனை அனாதையாக்கு என்று கோர்ட்டே சொல்லவில்லை. உங்கள் சித்தப்பா சொல்வதற்கு என்ன இருக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கண்டது ஒன்றே ஒன்று: எவ்வளவு நேரம் பேசினோம், என்ன கொண்டுபோனோம் என்பதெல்லாம் அப்புறம்தான். வருவோம் என்று அவன் எதிர்பார்க்கும் நாளில் போய் நிற்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறைதான் முடியுமா, மாதத்துக்கு ஒரு முறையே போங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கட்டுபடியாகுமா, அதையே சொல்லுங்கள், ஆனால் அந்தத் தேதியில் போய்விடுங்கள். பாசத்தில் முதல் மாதம் நாலு தடவை ஓடிவிட்டு அப்புறம் ஆறு மாதம் தலைகாட்டாமல் இருப்பது போகாததைவிடக் கெடுதல். உள்ளே இருப்பவனுக்கு நாளை எண்ணுவதைத் தவிர வேலை இல்லை. வருகிறேன் என்ற நாளில் ஆள் வரவில்லை என்றால் அவன் மனம் போகாத இடமெல்லாம் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே ஆள் வருகிறவன், ஆள் வராதவன் என்று இரண்டு ஜாதி என்று என் தம்பியே சொன்னான். எங்கள் ஊர் ஜெயில்களில் காபி மிக்ஸ் பாக்கெட்டும் சுருட்டும்தான் காசு. வீட்டிலிருந்து அது வந்துகொண்டிருந்தால் படுக்க நல்ல இடம், குளிக்க இன்னும் ரெண்டு குவளைத் தண்ணீர். ஒன்றும் வராதவன் மற்றவர்களின் கைலியைத் துவைத்துப் போட்டு ஒரு பாக்கெட் சம்பாதிக்கிறான். வார்டர்களுக்கும் கணக்கு தெரியும். கேட்க ஆள் இருக்கிறவன் மேல் கை வைக்க யோசிப்பார்கள். நாம் வரிசையில் நிற்பது அவனுக்குக் காவல்.

சந்திப்பு என்பது இங்கே பதினைந்து இருபது நிமிடம். நடுவில் இரண்டு வரிசைக் கம்பிவலை, அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஓர் அதிகாரி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பர்மியத்தில்தான் பேச வேண்டும். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்த பர்மியம் சந்தையில் மீன் வாங்கப் போதும், மகனிடம் அழப் போதாது. முதல் தடவை அம்மா வாயைத் திறந்ததும் "பர்மியத்தில் பேசு" என்று அதட்டினார்கள். அம்மா நின்றுவிட்டாள். வலையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த அதிகாரியிடம் போய், "சயா (ஐயா), இவங்களுக்கு இது ஒன்றுதான் வரும். இவங்க சொல்வதை ஒவ்வொன்றாக நான் பர்மியத்தில் உங்களுக்குச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்" என்றேன். சின்ன வயதுக்காரர். கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். அம்மா "மூட்டுவலித் தைலம் வேணுமாய்யா" என்பாள், நான் திரும்பி அதைப் பர்மியத்தில் சொல்வேன். "நம்ம வெள்ளாடு குட்டி போட்டிருக்கு" என்பாள், அதையும் சொல்வேன். ஆட்டு விஷயத்துக்கு அந்த அதிகாரியே சிரித்துவிட்டார். நேரம் பாதியாகத்தான் போனது, ஆனால் அம்மா பேசினாள். உங்களுக்கும் இப்படி ஒரு தடை வந்தால் சண்டை போடாமல் வழி கேளுங்கள். கீழ்மட்டத்தில் இருப்பவர்களில் மனம் இளகுகிறவர்களும் உண்டு.

பேசும்போது கேஸைப் பேசாதீர்கள். எவ்வளவு கடன் ஆயிற்று, யார் என்ன சொன்னார்கள், இதெல்லாம் வேண்டாம். அவனால் ஒன்றும் செய்ய முடியாத விஷயத்தைச் சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம், அவன் அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுதும் கிடப்பான். ரப்பர் மரத்தில் பால் எப்படி, கூரைத் தகரம் மாற்றினோமா, பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் திட்டுகிறாளா, இதுதான் அவனுக்கு வேண்டும். வீட்டில் ஏதாவது ஒன்றை அவனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் ஆட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவனிடம்தான் கேட்டோம்.

கொண்டுபோகும் சாமான் பற்றி. ஜெயில் வாசலில் ஒவ்வொன்றையும் குத்திப் பார்ப்பார்கள், சோப்பை இரண்டாக அறுப்பார்கள். ஈரமில்லாத, எண்ணெய் மிதக்கிற பண்டம்தான் நாள்பட நிற்கும். காய்ந்த இறாலில் செய்யும் பலாச்சவுங், வறுத்த கருவாடு, எலுமிச்சை ஊறுகாய். என் தம்பிக்குப் பருப்புப்பொடி உயிர். அதை ஒரு பாட்டிலில் போட்டுக் கொண்டுபோனபோது மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு அப்படியே ஓரமாக வைத்துவிட்டார்கள். போதை கேஸில் இருப்பவனுக்குப் பொடி கொண்டுபோனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. அடுத்த தடவை பூண்டு தட்டிப் போட்டு, கடலை எண்ணெயில் குழைத்து, உருண்டை பிடித்துக் கண்ணாடிப் பையில் கொண்டுபோனேன். ஒன்றை நான் அங்கேயே பிட்டுத் தின்று காட்டினேன். மீதியை உள்ளே விட்டார்கள்.

காகிதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். இங்கே அடையாள அட்டை, குடும்பப் பட்டியல், வார்டு அலுவலகச் சான்று மூன்றும் வேண்டும். தமிழர்களான எங்களுக்கு இதில்தான் உயிர் போகிறது. வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். தம்பியின் அட்டையில் பர்மியப் பெயர், என் அட்டையில் தமிழ்ப் பெயர், அப்பா பெயரை ஒரு அலுவலகத்தில் யாரோ ஒரு எழுத்து விட்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்தால் நாங்கள் அக்கா தம்பி என்று கடவுளே வந்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இந்த ஒரு எழுத்தைத் திருத்தக் கேட்டால் தாத்தா எந்த வருடம் வந்தார் என்கிறார்கள். நாலு தலைமுறையாக இந்த மண்ணில் விதைத்து அறுத்துக்கொண்டிருக்கிறோம். 1982 குடியுரிமைச் சட்டத்தில் முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், மனுப் போட்டுக் குடியுரிமை பெற்றவனுக்குப் பச்சை. என் மகள் நன்றாகப் படிக்கிறவள். எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் மார்க்கை அப்புறம் பார்க்கிறார்கள், முதலில் அட்டை நிறம்தான். படித்த பெண்ணை இப்படி நிற்கவைத்தால் அவள் எங்கே போவாள்? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அட்டை என்று எழுத ஆரம்பித்தால் இது வந்துவிடுகிறது, என்ன செய்ய.

எங்கள் கதை உங்களுக்குப் பொருந்துமா என்று யோசிப்பீர்கள். பொருந்தும். பர்மா ஜெயில்களை நடத்துவதே வெள்ளைக்காரன் 1894-இல் போட்ட சிறைச் சட்டம்தான், இந்தியாவுக்கும் அதையேதான் போட்டான். யாங்கோனின் இன்செயின் ஜெயிலும் அவன் 1887-இல் கட்டியது. அந்தச் சட்டப்படி விசாரணைக் கைதி வேறு, தண்டனைக் கைதி வேறு. தீர்ப்பு வரும்வரை வெளியிலிருந்து சாப்பாடு, துணி, படுக்கை வாங்கிக்கொள்ளலாம். தீர்ப்புக்கு அப்புறம் எல்லாம் இறுகிவிடும். உங்கள் தம்பிக்குத் தீர்ப்பாகிவிட்டது, அதனால் இப்போதைய விதி என்ன என்று வக்கீலிடம் புதிதாகக் கேளுங்கள். நீங்கள் இந்தியாவில் இருந்தால் இ-முலாக்காத் என்று இணையத்திலேயே பதிவு செய்யலாம், வீடியோவிலும் பார்க்கலாம். எங்களுக்கு அதெல்லாம் கனவு.

தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இடமாற்றம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. ஒரு தடவை பார்சலை நீட்டினேன், "அவன் இங்கே இல்லை" என்றார்கள். எங்கே என்று சொல்ல ஆளில்லை. கல் உடைக்கும் கைதி முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று, விடுதலையாகி வந்த ஒரு பர்மியப் பையன் வீடு தேடி வந்து சொல்லித்தான் தெரிந்தது. அதனால் மற்றக் கைதிகளின் வீட்டுக்காரர்களோடு பழகிவையுங்கள், வரிசையில் நிற்கும்போதே போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. சபை 2015-இல் நிறைவேற்றிய மண்டேலா விதிகளில் 58-ஆவது, குடும்பத்தோடு கடிதத்திலும் நேரிலும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்கிறது. 59-ஆவது, முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்து ஜெயிலில் வைக்க வேண்டும் என்கிறது. அந்த விதிகளுக்குப் பெயர் தந்த மண்டேலாவைத் தென்னாப்பிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையில் வைத்தபோது ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம்தான். வக்கீல் ஒருவர் இந்த விதிகளைச் சொல்லி எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிப் போடுங்கள், பெறுகைச் சீட்டு வாங்கிவையுங்கள்.

2020 மார்ச்சில் கொரோனா என்று எல்லா ஜெயிலிலும் சந்திப்பை நிறுத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் முகமே பார்க்கவில்லை, பார்சல் மட்டும்தான். அப்போதும் நான் அதே கிழமையில்தான் பார்சல் கொடுத்தேன். பொட்டலத்தைக் கட்டும் விதத்தை மாற்றவே இல்லை. யார் கட்டினது என்று அவனுக்குத் தெரியும். கடிதம் எழுதினால் அந்த ஊர் அதிகாரிக்குப் புரிகிற மொழியில், சின்னதாக, குறை சொல்லாமல் எழுதுங்கள், தணிக்கையில் தப்பிக்கும். தமிழில் எழுதினது ஒன்றும் எங்களுக்குப் போய்ச்சேரவில்லை.

பொது மன்னிப்பு நாள் வந்தால் ஜாக்கிரதை. இங்கே ஜனவரி 4 சுதந்திர நாளிலும் ஏப்ரல் புதுவருடத்திலும் கைதிகளை விடுவது வழக்கம். 2021 பிப்ரவரி 12, யூனியன் தினத்தில் 23,000 பேருக்கு மேல் விட்டார்கள். பட்டியல் முன்னால் தெரியாது, வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். பஸ் பஸ்ஸாக வெளியே வரும்போது ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினேன், அவன் இல்லை. அன்றைக்கு அம்மாவை நான் கூட்டிப்போகவில்லை, நீங்களும் கூட்டிப்போகாதீர்கள்.

ஆனால் சந்திப்புக்கு அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். "அம்மா தாங்க மாட்டாள்" என்று உங்கள் சித்தப்பா சொல்கிறார் அல்லவா, தாங்குவாள். பார்க்காமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டாள். என் அம்மா மகனைக் காண்கிற வாரமெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். மெலிந்திருப்பான், தலை மொட்டையாக இருக்கும், தொடக்கூட விட மாட்டார்கள் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். முந்தின ராத்திரியே கிளம்பி, காலையில் முதல் ஆளாகச் சீட்டு வாங்குங்கள். மாத்திரை, தண்ணீர், உட்கார ஒரு சின்ன முக்காலி எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டாம், போய்விட்டு வந்து சொல்லுங்கள்.