அடிமரத்தில் பட்டை உரித்தால் மாமரம் காய்க்குமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உள்ளது. பங்கனபள்ளியும் செந்தூராவும்; எல்லாம் பதினைந்து வயது மரங்கள். இந்த முறை சரியாகப் பூக்கவில்லை. இரண்டு வருடக் குத்தகைக்கு எடுத்தவர், அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பட்டையை உரித்தால் அடுத்த பருவம் காய் அள்ளலாம் என்கிறார். பக்கத்துத் தோப்பில் போன வருடம் அப்படிச் செய்தார்கள். மரங்கள் பச்சையாகத்தான் நிற்கின்றன. வரப்பில் உள்ள தென்னைக்கும் செய்யலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். அடிமரத்தில் கத்தி வைக்க யாரையும் விடாதீர்கள்.

இலையில் தயாராகும் சர்க்கரை, பட்டையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் புளோயம் என்ற மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அதில் உள்ள சல்லடைக் குழாய்களுக்குள் இலை சர்க்கரையை ஏற்றும். உடனே தண்ணீர் உள்ளே புகும், அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே சர்க்கரைக் கரைசலைக் காய்களுக்கும் வேருக்கும் தள்ளுகிறது. எர்ன்ஸ்ட் மூன்ஷ் என்ற ஜெர்மானியர் 1930-இல் தந்த விளக்கம் இது. பட்டையை வளையமாக உரித்தால் இந்த வழி அறுந்துபோகும். சர்க்கரை மேலேயே தேங்கும். பூக்கச் சொல்லும் செய்தியும் இதே குழாய்களில்தான் போகிறது: குளிர்ந்த இரவுகளை உணர்ந்து இலை அனுப்பும் செய்தி அது. கிளையில் வளையம் எடுத்தால் சில சமயம் பூ வருவது இதனால்தான்.

சரி, பக்கத்துத் தோப்பு ஏன் பச்சையாக இருக்கிறது? தண்ணீர் ஏறுவது பட்டை வழியாக அல்ல, உள்ளே இருக்கும் கட்டை வழியாக. கட்டை வெட்டுப்படாதவரை இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். பட்டினி கிடப்பது வேர். சேமித்து வைத்த மாவுச்சத்தைத் தின்று அது பல மாதம் தாக்குப்பிடிக்கும். அது தீர்ந்ததும் சல்லிவேர்கள் சாகும், அப்புறம் நுனியிலிருந்து கிளை காயும். நான்கு விரல் அகல இடைவெளியைப் பெரும்பாலான மரங்களால் புதுப்பட்டை வளர்த்து மூட முடியாது.

குத்தகைக்காரரின் கணக்கைப் பாருங்கள். அவருக்கு இரண்டு பருவம், உங்களுக்கு இன்னும் முப்பது வருடம். சாகப்போகும் மரம் கடைசியாக ஒருமுறை அள்ளிக் காய்த்தால் லாபம் அவருக்கு, விறகு உங்களுக்கு. அடிமரத்தில் வளையம் போட்டுத் தருகிறேன் என்று வரும் குத்தகைக்காரரை நான் நம்பவே மாட்டேன். 'பூ மருந்து' விற்பவர்களிடமும் கவனம் தேவை. அந்தப் பெயரில் வரும், துளிர் வளர்ச்சியை அடக்கும் பேக்லோபுட்ரசாலை அளவு மீறி ஊற்றினால் மண்ணில் தங்கி, அடுத்தடுத்த பருவங்களிலும் துளிரைக் குட்டையாக்கும்.

இதையெல்லாம் தோப்புக்கு வந்து சொல்ல வேண்டியது அரசு. ஒரு அலுவலர் தலையில் ஏகப்பட்ட ஊர்களையும் மானியப் படிவங்களையும் கட்டிவிட்டு, பூக்கும் காலத்தில் அவர் மரத்தைப் பார்க்க வருவார் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அந்தக் காலியிடத்தில்தான் இவர்கள் புகுந்துகொள்கிறார்கள்.

முதலில் போன பருவத்தை நினைத்துப் பாருங்கள். பங்கனபள்ளி ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறுவருடம் ஓய்வெடுக்கும் ரகம். போன பருவம் அப்படி நிறையக் காய்த்திருந்தால் வளையத்தால் பயனில்லை. தேங்குவதற்கே சர்க்கரை இருக்காது. காய்க்காமலேயே கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் மரமென்றால், ஆகஸ்ட்-செப்டம்பரில் ஓரிரு பக்கக்கிளைகளில் மட்டும், அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு, கட்டையைத் தொடாமல் பட்டையை எடுத்துப் பார்க்கலாம்.

தென்னை விஷயம் முற்றிலும் வேறு. மாமரத்தில் புளோயம் பட்டையோடு ஒட்டி வளையமாக இருக்கிறது. தென்னையில் அப்படி இல்லை; தண்ணீர்க் குழாயும் சர்க்கரைக் குழாயும் சேர்ந்த நார்க்கற்றைகளாகத் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. மேலே சுற்றிச் செதுக்கினால் சர்க்கரை நிற்காது, உள்ளே இருக்கும் கற்றைகள் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக, சொன்ன பலன் எள்ளளவும் வராது. காயம் மட்டும் மிஞ்சும். மாமரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுத்திசு வளர்க்கும் படலம் உண்டு, தென்னையில் அது கிடையாது. அதனால் தென்னந்தண்டில் விழுந்த வெட்டு மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். அந்தக் காயத்தின் வாசனைக்கே சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். பனைக்கும் பாக்குக்கும் இதே கதைதான். தென்னைக்கு வளையம் போடுகிறேன் என்று ஒருவர் சொல்வதே அவருக்கு மரம் தெரியாது என்பதற்குச் சாட்சி.

பக்கத்துத் தோப்புக்காரரிடமும் பேசுங்கள். அடிமர வளையம் மூடாமல் இருந்தால், அதே மரத்தின் இளங்குச்சிகளை வளையத்தின் மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் இடையே பாலமாக ஒட்டுக் கட்டலாம். அனுபவமுள்ள ஒட்டுக் கட்டுபவரை உடனே அழைத்தால் சில மரங்களாவது பிழைக்கும். உங்கள் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள்: உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பட்டையை வெட்டவோ வேரில் மருந்து ஊற்றவோ கூடாது, மீறினால் மரத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று.