நான்காவது தடவை வராத தாத்தா

அன்புள்ள அக்கா,

உங்கள் அப்பாவுக்குக் கல்லூரி மருத்துவமனையில் பல்செட் கட்டியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் பல் மருத்துவம், பி.டி.எஸ். கடைசி வருடம். எங்கள் கல்லூரியில் ஐந்து முழுப் பல்செட் முடித்தால்தான் கோட்டா முடியும். மூன்று முடித்துவிட்டேன். நான்காவது கேஸ் ஒரு தாத்தா. மெழுகில் பல் அடுக்கித் தயாராக வைத்திருக்கிறேன். வாயில் வைத்துப் பார்க்க வர வேண்டியவர் மூன்று வாரமாக வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. இதற்கு நடுவில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறையில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். நோயாளிகளிடம் ஒரு படிவம், ஜூனியர்களிடம் மன அழுத்தத்துக்கு ஒரு படிவம். டிக் வாங்கிக் கூட்டிப் போடுவதால் யாருக்கு என்ன பயன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் தூக்கம். மூன்று வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஆய்வெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் படிவங்களை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். பல் மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாளை கார்பீ என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் 1980-ல் வெளியிட்டார்கள். தேர்வு, ஃபெயில் ஆகிவிடுவோமோ என்ற பயம், ஒரு ஆசிரியர் சரி என்றதை இன்னொருவர் தப்பு என்பது, பட்டத்துக்கான வேலைகளை முடிப்பது எல்லாம் அதில் உண்டு. சொன்ன நேரத்துக்கு நோயாளி வராமல் போவதும் ஒரு கேள்வி! உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அதே விஷயம் நாற்பது வருடத்துக்கு முன்பே அங்கே அச்சேறிவிட்டது. ஆகவே இதை உங்கள் திறமைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

நோயாளிக்கான படிவத்தின் கதை இன்னும் பெரியது. 1938-லிருந்து சொத்தை எத்தனை, விழுந்தது எத்தனை, அடைத்தது எத்தனை என்று பல்லைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பல்லுக்குச் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஸ்லேடும் ஸ்பென்சரும் 1994-ல் 49 கேள்விகளோடு ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். 1997-ல் ஸ்லேட் அதை 14 கேள்வியாகச் சுருக்கினார். சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதா, பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறீர்களா, கூச்சமாக இருந்ததா, மற்றவர்களிடம் எரிந்து விழுகிறீர்களா என்று மனுஷனைக் கேட்ட கேள்விகள் அவை.

என் அப்பாவிடமும் இப்படி ஒரு படிவத்தைத்தான் நிரப்பினார்கள். நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். அச்சு எடுத்த பிசின் இன்னும் அவர் உதட்டோரம் ஒட்டியிருந்தது. அவருக்குப் பல்செட் கட்டிய மாணவிதான் பேனாவை எடுத்துக்கொண்டு, "பல் இல்லாததால நாலு பேர் முன்னாடி கூச்சமா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டாள். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா. பேத்தி கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல், எல்லோரும் போன பிறகு சமையல்கட்டில் நின்றபடி ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். அந்தப் பெண் முகம் வாடிவிடக் கூடாதே என்று அப்படிச் சொன்னார். அவள் ‘இல்லவே இல்லை’ என்பதற்கான சுழியத்தைப் போட்டாள்.

உங்கள் ஆய்வில் நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கேட்பது யார்? வாயில் கை வைப்பவரே கேட்டால் பலரும் நல்லதையே சொல்வார்கள். மார்க் போடும் ஆசிரியரே மன அழுத்தப் படிவத்தைக் கொடுத்து வாங்கினால் ஜூனியர்களும் அப்பாவைப் போலத்தான் சொல்வார்கள். சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், வேறு அறையில், பெயர் எழுதாமல் வாங்கட்டும். பல்செட் போடும் முன் ஒரு முறை, போட்டுச் சில மாதம் கழித்து ஒரு முறை கேளுங்கள். ஒரே தடவை கேட்டால் இன்று எப்படி இருக்கிறார் என்பதுதான் தெரியும்.

கூடவே நீங்களாக ஒரு கேள்வி சேருங்கள்: இங்கே வந்து போக எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி போச்சு? முதல் அச்சு, இரண்டாம் அச்சு, தாடை அளவு, மெழுகுப் பல் வைத்துப் பார்ப்பது, கடைசியில் செட் போடுவது என்று ஐந்து தடவையாவது வர வேண்டும். சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் இலவசம் இல்லை. என் அப்பாவே நான்காவது தடவை போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். ரெண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார முடியவில்லை அவருக்கு. அந்தப் பெண்ணின் கோட்டா அதில் தொங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

முடிந்த செட்டை மட்டும் எண்ணும் கோட்டா எனக்கு உடன்பாடில்லை. மூன்று தடவை வந்து நின்றுபோன கேஸிலும் மாணவர் கற்றிருக்கிறார். அந்த மூன்று படிக்கும் ஆசிரியர் கையெழுத்துப் போட்டுக் கணக்கில் சேர்க்கலாம். உங்கள் ஜூனியர்களின் மன அழுத்தத்துக்கும் அந்தத் தாத்தாவின் பஸ் கட்டணத்துக்கும் உள்ள தொடர்பு உங்கள் ஆய்வில் எண்ணாக வந்தால், துறைத்தலைவரிடம் எடுத்துக் காட்டிப் பேச உங்கள் கையில் ஏதாவது இருக்கும்.

தாத்தாவுக்கு நாளைக்கு இன்னொரு தடவை போன் போடுங்கள். பகலில் எடுக்காதவர் சாயந்திரம் எடுக்கலாம், அல்லது பேரப்பிள்ளை எடுக்கும். எப்போது வருவீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். உடம்பு எப்படி இருக்கு, எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று கேளுங்கள். அவர் வந்தால் பெஞ்சில் உட்கார வைக்காமல் முதல் ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்.