வெப்பநிலை முள் நடுவுக்கு வந்ததும் காரை விரட்டி ஓட்டலாமா?

காலையில் காரை எடுத்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் போவதற்குள் மீட்டரில் முள் நடுவுக்கு வந்துவிடுகிறதே, அதன் பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்பதே என் பதில். அந்த முள் காட்டுவது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை மட்டுமே. இன்ஜினைத் தேய்மானத்திலிருந்து காப்பதோ ஆயில். சமதளச் சாலையில் முள் நடுவுக்கு வர எவ்வளவு தூரம் ஆனதோ, ஏறக்குறைய அதே தூரத்தை இன்னொரு முறை மிதமாக ஓட்டிய பிறகே நான் ஆர்பிஎம்மை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கையை, மேலே ஏற்றுவேன்.

கூலன்ட் விரைவில் சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்ற வெப்ப வால்வு மூடியே இருப்பதால், ரேடியேட்டருக்குப் போகாமல் சிலிண்டர்களையும் சிலிண்டர் ஹெட்டையும் சுற்றி மட்டும் ஓடும் சிறிதளவு கூலன்ட், எரியும் இடத்துக்கு மிக அருகிலேயே இருந்து சீக்கிரம் சூடேறிவிடுகிறது. தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 90 டிகிரி செல்சியஸில்தான் திறக்கத் தொடங்கும். இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டையே ஹெட்டுக்குள் வார்த்துவிடுவதால் இது இன்னும் வேகமாக நடக்கிறது. ஆயிலின் நிலைமை வேறு. மூன்றரை முதல் ஐந்து லிட்டர் ஆயில், எதிர்க்காற்று படும்படி இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் கிடக்கிறது. பிஸ்டன்களின் அடிப்பக்கத்திலும், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளிலும் பட்டுத் திரும்பித் திரும்பித்தான் அது சூடேற வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், அந்த முள்ளே உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை என்பது. முள் சற்று அசைந்தாலும் வாடிக்கையாளர் பதறி சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுகிறார் என்பதால், பெரும்பாலான நிறுவனங்கள் ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை எங்கிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிட்டன. முள்ளே இல்லாமல் நீல விளக்கு மட்டும் வைத்திருக்கும் கார்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த விளக்கு அணைந்தால் கூலன்ட் குளிர்ந்த நிலையைத் தாண்டிவிட்டது என்று மட்டுமே பொருள். அப்போது ஆயில் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது.

ஆயில் குளிர்ந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 5டபிள்யூ-30 என்ற தர ஆயில் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) பாகுத்தன்மைக்குள் இருக்க வேண்டும். அதே ஆயில் 40 டிகிரியில் அறுபதைத் தாண்டி, ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். சென்னையில் நள்ளிரவில் நிறுத்திய காரின் ஆயில்கூட, விடியற்காலையில் அந்த 40 டிகிரிக்கும் கீழேதான் இருக்கிறது. கெட்டியான ஆயிலை பம்ப் தள்ளும்போது அழுத்தம் அதிகமாகத் தெரியும். ஆனால் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. வரம்பு மீறிய அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறந்து ஆயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்து சிறிதளவு ஆயில் வடிகட்டப்படாமலே போகக்கூடும். அந்த நேரத்தில் 6,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால், பிஸ்டன்களைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்கு வேண்டிய அளவு ஆயில் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில் ஊற்றும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு, நம் ஊர் வெயிலில், இந்த ஆபத்து குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குறைவுதானே தவிர, இல்லாமல் போவதில்லை.

பிஎம்டபிள்யூ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த இ46 எம்3 காரில் இதற்கு அழகான தீர்வு இருந்தது. ஆர்பிஎம்மைக் காட்டும் டேக்கோமீட்டரின் விளிம்பில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள், ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து, அந்தக் கணத்தில் எந்த ஆர்பிஎம் வரை போகலாம் என்று காட்டும். 10டபிள்யூ-60 போன்ற மிகக் கெட்டியான ஆயிலில், 8,000 ஆர்பிஎம் வரை சுழலும் இன்ஜினுக்கு அது ஆடம்பரம் அல்ல, அவசியம். சாதாரண கார்களிலும் இதை ஏன் வைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பேரிங்குகளோடு கதை முடிவதில்லை. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம், பல இன்ஜின்களின் சிலிண்டர் சுவரில் உள்ள வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். பிஸ்டன் விரைவில் சூடாகி விரியும்போது, அதைச் சூழ்ந்துள்ள சிலிண்டர் சுவர் அதே வேகத்தில் சூடாகாததால், தொடக்க நிமிடங்களில் முழுச் சுமை கொடுத்தால் இடைவெளி குறுகுகிறது. பிஸ்டன்களைச் சற்றே நீள்வட்டமாகவும் மேலே ஒடுங்கியும் கடைவதே, அவை வேலை செய்யும் வெப்பத்தில்தான் உரிய வடிவத்துக்கு வரும் என்பதால்தான். ஃபார்முலா 1 இன்ஜின்களில் இடைவெளிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், சூடான திரவத்தை வெளியிலிருந்து சுற்றவிட்டு வெப்பமேற்றிய பிறகே அவற்றை ஸ்டார்ட் செய்கிறார்கள். போதாததற்கு, குளிர்ந்த பெட்ரோல் இன்ஜினுக்குக் காரின் கணினி எரிபொருளைக் கூடுதலாக ஊற்றுகிறது; அதில் எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் கலக்கிறது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஆயில் வெப்பநிலையைத் திரையில் காட்டும் கார் என்றால் கவலையே இல்லை. 80 டிகிரியைத் தாண்டும்வரை பொறுத்தால் போதும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு, ஆயில் 50 டிகிரியை எட்டும்வரை எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகளே தெரியும். மற்றவர்கள், காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் மலிவான ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகிக் கைப்பேசியில் பார்க்கலாம். பல கார்கள் அதன் வழியே ஆயில் வெப்பத்தைத் தருவதில்லை என்றாலும், கூலன்டின் உண்மையான எண்ணையாவது அது காட்டிவிடும். கார் நின்றபடி இன்ஜின் ஓடும் வெற்று ஐடிலிங்கில் 1,200 ஆர்பிஎம் 750க்கு இறங்கிவிட்டதே, அதனால் ஆயில் சூடாகிவிட்டது என்று சிலர் நம்புகிறார்கள். அது கணினி ஐடில் வேகத்தைக் குறைத்துக்கொண்டதற்கான அடையாளம், ஆயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அதுவரை ஓட்டும் முறையைப் பற்றி ஒன்று. வாசலிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றுவது பழைய கார்ப்ரேட்டர் காலத்துப் பழக்கம். சுமையில்லாத இன்ஜின், குறிப்பாக டீசல் இன்ஜின், அப்படிச் சரியாகச் சூடாவதே இல்லை. அரை நிமிடம் போதும், பிறகு கிளம்பி, பெட்ரோலில் 2,500 ஆர்பிஎம், டீசலில் 2,000 என்ற அளவுக்குள் ஓட்டலாம். அதற்காக ஐந்தாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் வைத்து அழுத்தி மிதிப்பது மென்மையான ஓட்டுதல் ஆகிவிடாது. குறைந்த வேகத்தில் கொடுக்கும் அதிகச் சுமைதான் பேரிங்குகளை அதிகம் வதைக்கிறது.

மலைச்சாலையில் தூரக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் இரவு தங்கினால், குளிர்ந்த இன்ஜினோடு நேரே மலையேறத் தொடங்க வேண்டியிருக்கும். அங்கே தாழ்ந்த கியரில், பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் நிதானமாக ஏறினால், ஏற்றமே ஆயிலை விரைவில் சூடாக்கிவிடும். ஆனால் குன்னூரிலிருந்து காலையில் மேட்டுப்பாளையம் இறங்குபவர்களுக்கு இதற்கு நேர்மாறு. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருளே நின்றுவிடுவதால் இன்ஜினுக்குள் வெப்பம் பிறப்பதில்லை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்திருந்தும் ஆயில் சூடாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அடிவாரத்துச் சமதளத்தில் கண்ணுக்குத் தெரியும் முதல் லாரியை முந்த முழுதாக மிதிக்காமல், காரமடை வரையாவது பொறுமையாக வருவது நல்லது.

கியர்பாக்ஸ் ஆயில் இவை எல்லாவற்றையும்விடத் தாமதமாகச் சூடாகும், அதற்கென்று தனி வெப்ப மூலம் கிடையாது. காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது நின்று, லீவர் வழுக்கிக்கொண்டு விழத் தொடங்கினால், பெரும்பாலும் இன்ஜின் ஆயிலும் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். வழியில் அரைமணி நேரம் டீ குடிக்க நிறுத்தினால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. கிளம்பியபின் ஓரிரு கிலோமீட்டர் மிதமாகப் போனால் போதும்.