புவேனோ எங்கே, புவென் எங்கே?

கேள்வி: ஸ்பானிய மொழியில் ‘புவேனோ’ என்றால் ‘நல்ல’ என்று படித்தேன். சில வாக்கியங்களில் ‘புவென்’ என்று வருகிறதே, அது வேறு சொல்லா?

பதில்: அதே சொல்தான். ஆண்பால் ஒருமைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் கடைசி ‘ஓ’ விழுந்துவிடும்: ‘ஊன் புவென் அமீகோ’, ஒரு நல்ல நண்பன். பின்னால் நின்றால் விழாது: ‘ஊன் அமீகோ புவேனோ’. பெண்பாலும் பன்மையும் எங்கே நின்றாலும் குறையாது: ‘ஊனா புவேனா இதேயா’ (நல்ல யோசனை), ‘புவேனோஸ் அமீகோஸ்’. பலர் வழுக்குவது தண்ணீரில்தான். ‘எல் அக்வா’ (தண்ணீர்) என்று ஆண்பாலுக்குரிய ‘எல்’ (ஆங்கில ‘the’ போன்றது) முன்னால் இருப்பதைப் பார்த்து ‘புவேனோ’ போட்டுவிடுகிறார்கள். ‘அக்வா’ பெண்பால். அழுத்தம் பெற்ற ‘அ’வில் தொடங்குவதால் ஓசைக்காகவே அந்த ‘எல்’. ஆகவே ‘எல் அக்வா எஸ்தா புவேனா’ என்பதே சரி.

இடம் மாறினால் பொருளும் கொஞ்சம் சாயும். ‘ஊன் புவென் மேதிகோ’ என்றால் தொழிலில் கெட்டிக்காரரான மருத்துவர். ‘ஊன் மேதிகோ புவேனோ’ என்றால் அவருடைய குணத்தையும் சொல்வதாக இருக்கலாம். இன்னொன்று, முன்னால் வரும் ‘புவென்’ அளவையும் குறிக்கும். ‘ஊன் புவென் கோல்பே’ என்பது நம்முடைய ‘நல்ல அடி’யேதான், அடியில் நன்மை ஏதும் இல்லை, பலமாக விழுந்தது, அவ்வளவே. ‘ஊன் புவென் ராத்தோ’ என்றால் வெகுநேரம்.

கேள்வி: ‘நான் நலம்’ என்பதற்கு ‘சோய் புவேனோ’ சரியா? ‘எஸ்தோய் புவேனோ’ சரியா?

பதில்: இரண்டும் வேண்டாம். ‘எஸ்தோய் பியென்’ என்று சொல்லுங்கள். ‘சோய் புவேனோ’ என்றால் ‘நான் நல்லவன்’ என்று நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறீர்கள். ‘எஸ்தோய் புவேனோ’ அதைவிட ஆபத்து: ‘என் உடற்கட்டைப் பார், எவ்வளவு கவர்ச்சி’ என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். மற்றவரைப் பற்றி ‘எஸ்தா புவேனா’ என்பதும் கொச்சைதான், அறிமுகமில்லாதவர்கள் நடுவே வாயைத் திறக்காதீர்கள். நோயிலிருந்து எழுந்தவரைப் பற்றி ‘யா எஸ்தா புவேனோ’ என்றால் மட்டும் ‘குணமாகிவிட்டார்’ என்று பொருள். பேச்சுச் சூழல்தான் பிரித்துக் காட்டும்.

உணவில் இந்தச் சங்கடம் இல்லை. ‘லா சோப்பா எஸ்தா புவேனா’ என்றால் இப்போது குடிக்கிற சூப் ருசியாக இருக்கிறது. ‘எஸ் புவேனா’ என்றால் அது பொதுவாகவே நல்லது, தரமானது.

‘பியென்’ எப்போது என்ற குழப்பத்துக்குத் தமிழே வழி சொல்லும். ‘நல்ல’ வரும் இடத்தில் ‘புவேனோ’, ‘நன்றாக’ வரும் இடத்தில் ‘பியென்’. ‘நன்றாகப் பேசுகிறாள்’ என்பது ‘அப்லா பியென்’.

கேள்வி: ‘இதைவிட நல்ல’ என்று ஒப்பிட ‘மாஸ் புவேனோ’ தவறு, ‘மெஹோர்’தான் சரி என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. தரத்தை ஒப்பிடும்போது ‘மெஹோர்’ மட்டுமே. மனிதரின் நற்குணத்தை ஒப்பிட்டால் ‘மாஸ் புவேனோ’ செல்லும். ‘ரொட்டியைவிட நல்லவர்’ என்று பொருள்படும் ‘மாஸ் புவேனோ கே எல் பான்’ மரபுத்தொடரே அதற்குச் சாட்சி. ‘மிக நல்ல’ என்பதற்குப் பேச்சில் ‘புவெனீசிமோ’. ‘போனீசிமோ’வும் இலக்கணப்படி சரிதான், எழுத்தில் எப்போதாவது கண்ணில் படும்.

கேள்வி: மெக்சிகோவில் தொலைபேசியை எடுத்ததும் ‘புவேனோ?’ என்கிறார்களே?

பதில்: அது அங்கே ‘ஹலோ’. ஸ்பெயினில் ‘தீகா?’, ‘தீகாமே’ அல்லது ‘சி?’ என்பார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘புவேனோ’ நம்முடைய ‘சரி’, ‘அது வந்து’ போல. இழுத்துச் சொன்னால் தயக்கம், வெடுக்கென்று சொன்னால் பேச்சை முடிக்கிறார். யாராவது ‘புவேனா லா ஆஸ் எச்சோ!’ என்றால் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிடாதீர்கள். ‘நல்ல காரியம் பண்ணினாய் போ!’ என்கிறார்.