பைத்தானில் பாக்ஸ் பிளாட் மேல் கோடு வரைந்தால் ஏன் இடம் தள்ளி விழுகிறது?

பாக்ஸ் பிளாட் என்பது ஒவ்வொரு பிரிவின் எண்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை ஒரு பெட்டியாகக் காட்டும் படம். உங்கள் பெட்டிகளுக்கு அடியில் ஜனவரி, பிப்ரவரி என்றோ 2015, 2016 என்றோ எழுதியிருக்கும். அதை நம்பாதீர்கள், அது வெறும் பெயர்ப்பலகை. பைத்தானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்புக்கு முதல் பெட்டி நிற்கும் இடம் 1, அடுத்தது 2. இன்னொரு நூலகமான சீபார்னில் 0-விலிருந்து தொடங்கும். கோட்டுக்கு நீங்கள் 2015 என்று கொடுத்தால் அது நிஜமாகவே 2015-க்குப் போய்விடும். பெட்டிகள் எல்லாம் இடது ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும்.

அப்படி ஆனால் நல்லதுதான், தப்பு கண்ணில் படும். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

ஒரு சேவையின் பதில் நேரத்தை மாதவாரியாக 12 பெட்டிகள் போட்டு, மேலே மீடியன் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) கோட்டை இழுத்தேன். மேட்பிளாட்லிப்தான். கோட்டுக்கு எக்ஸ் மதிப்பு தரவில்லை. தராவிட்டால் 0-விலிருந்து எண்ணும் என்று தெரியும்; பெட்டி 1-இல் நிற்கிறது என்பதுதான் அன்று மண்டையில் ஏறவில்லை. கோடு முழுசாக ஒரு பெட்டி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஜனவரி மீடியன் பெட்டியே இல்லாத இடத்தில் தொங்குகிறது, டிசம்பர் பெட்டி மொட்டையாக நிற்கிறது. கூட்டத்தில் ஒருவர், "டிசம்பருக்குக் கோடு எங்கே?" என்றார். "அந்த மாதக் கணக்கு இன்னும் முடியல சார்" என்று கூசாமல் சொன்னேன். பெட்டி இருக்கிறதாம், கணக்கு முடியலையாம்!

சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண் ஒருவர்தான் அப்புறம் என் மேசைக்கு வந்து, "அண்ணா, பெட்டிக்குள்ள இருக்கிற கோடும் மேல போற கோடும் ஒரே மீடியன்தானே, ஏன் ஒட்டல?" என்று கேட்டார்.

சரி, தீர்வு. மேட்பிளாட்லிப்பில் 'பொசிஷன்ஸ்' என்பதற்கு ஒரு பட்டியல் கொடுத்து, அதே பட்டியலைக் கோட்டின் எக்ஸுக்கும் கொடுங்கள். சீபார்ன் 0.13 முதல் 'நேட்டிவ் ஸ்கேல்' என்பதை ட்ரூ ஆக்கினால் பெட்டிகள் உண்மையான எண்ணிலேயே நிற்கும். பழைய பதிப்பு என்றால் அதன் பாயிண்ட் பிளாட்டை (புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் படம்) மேலே வரையுங்கள். ஆனால் அது தானாகப் போடுவது சராசரி. மீடியன் வேண்டுமானால் 'எஸ்டிமேட்டர்' என்பதில் சொல்லியாக வேண்டும்.

பெட்டிக்குள்ளேயே மீடியன் இருக்கும்போது கோடு எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். மாதம், ஆண்டு போல வரிசை இருந்தால் போக்கைப் பார்க்க உதவும். வரிசையே இல்லாத துறைப் பெயர்களைக் கோட்டால் கோத்தால் நானே சண்டைக்கு வருவேன். அதனால் என்மேல் பாயாதீர்கள்.

இன்னொன்று. அந்த 12 பெட்டிகளையும் நான் பார்த்தது 14 அங்குல மடிக்கணினியில். இரண்டாவது திரை கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் 'தேவை தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்தது. நாலாவது விண்ணப்பத்தோடு அந்த டிசம்பர் படத்தையே இணைத்து அனுப்பியிருக்கிறேன்.