விட்டம் 3 என்று சொன்னால் மயங்காதீர்கள்

கேள்வி: ஆய்வுக்கூடத்துக்காக 64 கணினிகளை இணைத்து கிளஸ்டர் அமைக்கிறோம். ஒரு வியாபாரி, "இரண்டு ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) போதும், விட்டம் 3தான்" என்கிறார். இன்னொருவர் 8×8 டோரஸ் தருகிறார்; அதாவது எட்டு வரிசை, எட்டு நிரலாகக் கணினிகளை நேரடியாகக் கோத்து, ஒவ்வொரு வரிசையையும் நிரலையும் வளையமாக மூடிய வலை. அதன் விட்டம் 8. குறைந்த விட்டத்தை எடுப்பதுதானே சரி?

பதில்: சரியில்லை. விட்டம் என்பது, மிகத் தள்ளியிருக்கும் இரண்டு கணினிகளுக்கு நடுவே செய்தி கடக்க வேண்டிய கேபிள்களின் எண்ணிக்கை. தெரு காலியாக இருக்கும்போது உள்ள தூரம், அவ்வளவுதான். உங்கள் கணினிகளோ அறுபத்து நான்கும் ஒரே நேரத்தில் பேசும்.

முதல் ஆளின் படத்தை எடுங்கள். இந்த ஸ்விட்சில் 32 கணினி, அந்த ஸ்விட்சில் 32. நடுவில் எத்தனை கோடு? ஒன்றுதான் என்றால், 32 ஜோடிப் பேச்சும் அந்த ஒற்றைக் கேபிளில்தான் முட்டி மோதும். அது பிடுங்கிக்கொண்டால் கிளஸ்டர் இரண்டு துண்டு. டோரஸைப் பாதியாக வெட்ட, ஒவ்வொரு வரிசையும் வளையம் என்பதால் வரிசைக்கு இரண்டு கேபிள், எட்டு வரிசைக்கு 16 அறுக்க வேண்டும். இந்தப் 'பாதிவெட்டு' எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். நடுவில் 16 கேபிள் போட்டால் ஸ்விட்ச் அமைப்பும் தேறிவிடும். அதை அவர் தானாகச் சொல்லமாட்டார், விலை ஏறுமே! டெண்டர் படிவத்திலும் வேகத்துக்குக் கட்டம் உண்டு, விட்டத்துக்கு உண்டு, இதற்கு மட்டும் இல்லை. எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் அதே படிவம்தான் திரும்பி வருகிறது.

அடுத்து, பெயர் மாற்றி விற்பவர்கள். '4×4×4 டோரஸ்' (மூன்று திசையிலும் நான்கு கணினி வளையங்கள்) ஒரு விலை, 'ஆறு பரிமாண ஹைப்பர்கியூப்' (ஆறு திசை, திசைக்கு இரண்டே கணினி என்று கனசதுரத்தை நீட்டிய வலை) அதற்கு மேல் ஒரு விலை. இரண்டும் ஒரே கோட்டுரு, அதாவது எந்தக் கணினி (முனை) எதோடு இணைகிறது என்ற படம் ஒன்றேதான்! நான்கு முனை வளையம் என்பது வெறும் சதுரம். அதாவது இரு பரிமாணக் கியூப். 4×4×4இல் அப்படி மூன்று வளையங்களைப் பெருக்குகிறோம், திசைக்கு இரண்டு பரிமாணமாக மொத்தம் ஆறு பரிமாணம். எப்படி எண்ணினாலும் முனைக்கு 6 கேபிள், மொத்தம் 192, விட்டம் 6.

ஒரு விதிவிலக்கு உண்டு. தகட்டில் வெப்பம் பரவுவது போன்ற கணக்குகளில் ஒவ்வொரு கணினியும் பக்கத்துக் கட்டத்தோடு மட்டுமே பேசும். தகட்டை 8×8 ஆகப் பிரித்தால் நடுக்கோட்டைத் தாண்டுவது 8 ஜோடிதான். பரிமாறும் தகவலும் சிறிதென்றால் ஒற்றைக் கேபிளே தாங்கிவிடலாம். ஆனால் வேலைகளைப் பங்கிடும் மென்பொருள் பக்கத்துக் கட்டங்களைப் பக்கத்துக் கணினிகளில் வைக்க வேண்டும். கண்டபடி இறைத்துவிட்டால் அந்த எட்டு எங்கேயோ போய் நிற்கும். ஆகவே கையெழுத்துப் போடும் முன், உங்கள் புரோகிராமை எழுதியவரிடம் எது எதோடு பேசுகிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்குங்கள்.