யாரும் வாக்களிக்காத நீதிபதிகள்

அன்புள்ள ஐயா,

நீதிபதிகளைத் தேர்வு செய்வதில் அரசுக்கும் இடம் தந்த தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-ஆவது சாசனத் திருத்தத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆனால் 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நான்கு பேர் அது செல்லாது என்றார்கள். நாம் தேர்ந்தெடுத்தவர்கள் செய்ததை நாம் வாக்களிக்காத நால்வர் அழிக்கலாம் என்றால் அது எப்படி மக்களாட்சி ஆகும்? நீதிபதிகளையும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தால் என்ன?

க., திருவாரூர்

அன்புள்ள க.,

நியமனம் பற்றிய உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன். தில்லியை விட்டுவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் நீதித்துறையை முதன்முதலில் கண்ணால் பார்ப்பது அங்கேதான்.

கைதான எவரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்கிறது சாசனத்தின் 22-ஆவது பிரிவு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் நீதிமன்றத்தில் ஓர் இளைஞனை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடுவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, “போலீஸ் அடித்தார்களா?” என்று கேட்டார். அவன் பக்கத்தில் நின்ற காவலரின் முகத்தைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை. நடுவர் காவலரைத் தள்ளிப்போய் நிற்கச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

இரண்டாவது முறை அப்படிக் கேட்க அவருக்கு இருந்த துணிச்சலுக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் வரி வசூலித்த கலெக்டரே நடுவர் அதிகாரத்தையும் வைத்திருந்தார். நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்கச் சொன்னது 50-ஆவது பிரிவு. அதை நாடு முழுவதும் முறைப்படுத்தியது 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம். இன்று கீழமை நீதிபதிகளின் பணியிடமும் பதவி உயர்வும், அவர்கள் எடுக்கும் விடுப்பும்கூட, 235-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கின்றன. உள்துறைச் செயலாளரால் அந்த நடுவரை மறுநாள் வேறு ஊருக்குத் தூக்கியடிக்க முடியாது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச்சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது இந்த அமைப்பின் பலவீனம், பலம் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தோம். அவர்களைச் சரியாகப் பார்க்காமலேயே ரிமாண்ட் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காவல் மரணம் என்றால் முன்பெல்லாம் வருவாய்த் துறை அதிகாரியான ஆர்.டி.ஓ.வின் விசாரணைதான். 2005-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அந்தப் பொறுப்பை நீதித்துறை நடுவரிடம் கொடுத்திருந்ததால் கோவில்பட்டி நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்கே போனார். காவலர்கள் ஒத்துழைக்க மறுத்ததையும் அவமதித்துப் பேசியதையும், விடிய விடிய அடித்ததாகப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தையும் எழுதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பினார். மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. அந்த நடுவர் உள்ளூர்க் கட்சிக்காரர்களின் ஆதரவில் தேர்தலில் வென்று வந்தவராக இருந்திருந்தால் அந்த அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீதிபதித் தேர்தல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில், 5 கோடி டாலர் இழப்பீட்டு வழக்கில் தோற்ற ஒரு நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், மேல்முறையீட்டை விசாரிக்கவிருந்த நீதிமன்றத்துக்கான தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரித்து 30 லட்சம் டாலர் செலவிட்டார். வென்றுவந்த அந்த நீதிபதி நிறுவனத்துக்குச் சாதகமாகவே வாக்களித்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

வாக்களிக்கப்படாத நீதிபதிகள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மறுத்தது. சட்டவிரோதமாக ஒருவரின் உயிரைப் பறித்தாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்று கேட்ட, அமர்விலிருந்த நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்கு, நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்ற பொருளிலேயே அரசுத் தரப்பு பதில் சொன்னது. தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய அவரைத் தாண்டி, பணிமூப்பில் இளையவரான எம்.எச். பெக்கை 1977 ஜனவரியில் அரசு தலைமை நீதிபதி ஆக்கியது. கன்னா பதவி விலகினார். அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகனே 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் அத்தீர்ப்பைத் தவறு என்று எழுதினார். நாற்பது ஆண்டு தாமதம் கொடுமைதான். ஆனாலும் கன்னா எழுதி வைத்த காரணங்கள் அங்கே இருந்ததால்தான் திரும்பிப் படிக்க முடிந்தது.

நியமனத்தை ஆட்சியிலிருப்பவர்கள் கையில் விடக்கூடாது என்பதற்கு கன்னாவின் கதையே எனக்குப் போதும். நாட்டின் மிகப் பெரிய வழக்காடி அரசுதான். வழக்காடுபவரே நீதிபதியைப் பொறுக்கி எடுக்க முடியாது.

ஆனால் மூத்த நீதிபதிகளே சேர்ந்து புதிய நீதிபதிகளைத் தேர்வு செய்யும், இப்போதுள்ள கொலீஜியத்தை என்னால் மனமாரப் பாராட்ட முடியவில்லை. அந்தச் சொல்லே சாசனத்தில் கிடையாது. 1993 தீர்ப்பின் வழியாக நீதிபதிகளே உருவாக்கிக்கொண்ட முறை அது. தங்கள் பரிந்துரைகளுக்கான காரணங்களை 2017-இல் வெளியிடத் தொடங்கினார்கள், அது சீராகத் தொடரவில்லை. ரிமாண்ட் உத்தரவுக்கே மாஜிஸ்திரேட் காரணம் எழுத வேண்டும் என்னும்போது, ஒருவரை ஏன் எடுத்தோம், ஏன் ஒதுக்கினோம், ஏன் மாற்றினோம் என்று உச்ச நீதிமன்றம் எழுத மறுப்பதில் நியாயமில்லை. அந்தக் காரணங்களை வெளியிடுவதைக் கட்டாயமாக்கச் சொல்லி நீங்கள் ஒரு மனு எழுதினால் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.